நகராத வண்டியில் நாலாயிரம் கிலோமீற்றர்

ஊரடங்கு உலகைக் கட்டிப்போட்ட 2020ஆம் ஆண்டில், அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பந்தயத்தின் மெய்நிகர் வடிவத்தை வீட்டுக்குள் இருந்தபடியே ஓட்டி முடித்தார் ஓர் இந்தியப் படை அதிகாரி. அந்தத் தூரம் மெய்யானதா என்ற வினாவைத் திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று ஆராய்கிறது இக்கட்டுரை.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உலகின் பெரும்பகுதி வாசற்கதவைத் தாளிட்டுக்கொண்டு நோய்க்கு அஞ்சி உள்ளே ஒடுங்கியிருந்த வேளையில், இந்திய இராணுவத்தின் லெப்டினன்ட் கேணல் பரத் பன்னு, அசையாது பொருத்தப்பட்ட தமது சைக்கிளின் மேல் ஏறி அமர்ந்து, பன்னிரண்டு நாட்களுக்குள் 4,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தை மிதித்து முடித்தார். அவர் புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றேதான். ஆயினும், உலகப் புகழ்பெற்ற நெடுந்தூரப் பந்தயம் ஒன்றின் மெய்நிகர் வடிவத்தில் அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது என்ற செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபோது, வீதியையே காணாதவர் எப்படி வீதியைக் கடந்தவராவார் என்ற வினாவும் கூடவே பிறந்தது.

அந்த வினா அலட்சியமாகத் தள்ளிவிடத் தக்கதன்று. சைக்கிளைத் தினசரி வாழ்வின் அங்கமாகக் கொண்ட ஊர்களில் அது இயல்பாகவே எழும். திருகோணமலையின் உட்துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் ஓர்ஸ் ஹில் மேட்டில், பாடசாலைப் பையை முதுகில் சுமந்த மாணவன் ஒருவன் இருக்கையை விட்டு எழுந்து நின்று, கைபிடியை இருபுறமும் மாறி மாறிச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றத்தை மிதிக்கும் காட்சி சாதாரணமானது. அவனுக்குத் தூரம் என்பது காலும் மூச்சும் நேரே அறிந்த பொருள். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றி நாடே வரிசையில் நின்ற நாட்களில், மூலையில் கிடந்த லுமாலா சைக்கிள்களைத் துடைத்துக் காற்றடித்து, உத்தியோகத்தரும் வியாபாரிகளும் மீண்டும் மிதிக்கத் தொடங்கியதையும் நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய மக்களிடம் ஒருவர் அறைக்குள் இருந்தபடி கண்டத்தைக் கடந்தார் என்று சொல்வதானால், அதற்குரிய நியாயத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். நியாயம் உண்டு என்பதும், அதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதுமே இங்கே சொல்ல வந்த விஷயம்.

கண்டம் கடக்கும் பந்தயம்

‘ரேஸ் அக்ரொஸ் அமெரிக்கா’ என்று இன்று வழங்கும் பந்தயம் 1982ஆம் ஆண்டில் வேறு பெயருடன் நான்கே நான்கு வீரர்களைக் கொண்டு ஆரம்பமாயிற்று. ஜோன் மரினோ, ஜோன் ஹோவர்ட், மைக்கேல் ஷெர்மர், லொன் ஹால்டமன் என்ற அந்நால்வரும் பசிபிக் கரையிலுள்ள சாந்தா மொனிக்காவிலிருந்து புறப்பட்டு நியூயோர்க் நகரத்தின் எம்பயர் ஸ்டேட் மாளிகையை நோக்கி விரைந்தார்கள். ஹால்டமன் பத்து நாட்களுக்குள் வந்து சேர்ந்து முதல்வரானார். பின்னர் பல ஆண்டுகள் கலிபோர்னியாவின் ஓஷன்சைட் என்னும் ஊரில் தொடங்கி, பன்னிரண்டு மாநிலங்களைக் கடந்து, அட்லாண்டிக் பக்கத்திலுள்ள அனாபொலிஸ் நகரில் முடிந்த அதன் பாதை ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் நீளமுடையதாக இருந்தது. பாலைவனத்தின் அனலையும், கொலராடோ மலைக் கணவாய்களின் மெல்லிய காற்றையும், கன்சாஸ் சமவெளியின் ஓயாத காற்றையும் தாண்டிச் செல்லும் வீரர், வழியில் ஏறும் உயரங்களை மாத்திரம் கூட்டிப் பார்த்தால் 50,000 மீற்றருக்கும் மேலாகும். நம் நாட்டின் பிதுருதலாகல மலையைக் கடல்மட்டத்திலிருந்து சிகரம்வரை இருபது முறை ஏறுவதற்கு அது சமானம். தனியாக ஓட்டுபவர்களுக்கு விதிக்கப்பட்ட கால எல்லை ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்கள். ஆஸ்திரிய வீரர் கிறிஸ்தோப் ஸ்ட்ராஸர் 2014ஆம் ஆண்டில் எட்டு நாட்களுக்கும் குறைவான காலத்தில் இதை முடித்தார்.

கட்டம் கட்டமாக நடத்தப்பெறும் பிரெஞ்சுப் பந்தயத்தைப் போல இதில் இரவில் கடிகாரம் நிற்பதில்லை. உறங்கும் நேரமும், உண்ணும் நேரமும், புண்ணுக்கு மருந்திடும் நேரமும் ஓட்டத்தின் கணக்கிலேயே சேர்வதால், முன்னணி வீரர்கள் நாளொன்றுக்கு ஓரிரு மணித்தியாலமே கண் அயர்கிறார்கள். நித்திரையின்மை முற்றும்போது சிலருக்கு இல்லாத உருவங்கள் வீதியோரத்தில் தோன்றுவதுண்டு. நாட்கணக்காகக் குனிந்த நிலையிலேயே முன்னோக்கிப் பார்ப்பதால், கழுத்தின் தசைகள் முற்றாகச் சோர்ந்து தலையைத் தாங்க மறுத்துவிடும் ஒரு விசித்திர உபாதையும் உண்டு. முதற்பந்தயத்தில் ஓடிய ஷெர்மரின் பெயராலேயே அது ‘ஷெர்மர் கழுத்து’ என வழங்குகிறது. அதற்கு ஆளானவர்கள் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தலையை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

இந்தியர்களில் இப்பந்தயத்தைத் தனியாக ஓட்டி முடித்த முதல்வர் இராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத். முந்திய வருஷம் பாதியில் விலக நேர்ந்த அவர், 2017ஆம் ஆண்டில் மீண்டும் சென்று கால எல்லைக்குள் அனாபொலிஸை அடைந்தார். நாக்பூரைச் சேர்ந்த மருத்துவர் அமித் சமர்த்தும் அதே ஆண்டில், தம் முதல் முயற்சியிலேயே, அவருக்குப் பின்னால் சில மணித்தியாலங்களில் வந்து சேர்ந்தார்.

பன்னு சென்ற வழி

பரத் பன்னுவும் இந்தப் பாதையைத்தான் நாடினார். 2019ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று இறுதிப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கையில் விழுந்து தோள்பட்டையின் காறை எலும்பை முறித்துக்கொண்டார். பல ஆண்டுப் பிரயாசையும் பெரும் பொருட்செலவும் ஒரு நொடியில் வீணாயின. மறு வருஷத்தை நம்பித் தேகத்தைத் தேற்றிக்கொண்டவருக்கு, அந்த மறு வருஷம் கொவிட் தொற்றின் வருஷமாக வந்து வாய்த்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சில நாட்களில் இந்தியாவும் கதவடைத்தது. அமெரிக்கப் பந்தயமும் அவ்வருஷம் கைவிடப்பட்டது.

அப்போதுதான் பந்தயத்தை நடத்துவோர், உண்மையான வீதிகளைப் படம்பிடித்து வைத்திருக்கும் ‘ஃபுல்காஸ்’ என்ற செயலியின் துணையுடன், அவரவர் வீட்டிலிருந்தபடியே ஓட்டும் மெய்நிகர் போட்டியை ஏற்பாடு செய்தார்கள். பன்னிரண்டு நாட்களில் 4,000 கிலோமீற்றர் என்றால், நாளொன்றுக்குச் சராசரி 330 கிலோமீற்றருக்கு மேல். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, குருநாகல் வழியாகக் கொழும்புக்குப் போகும் தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சராசரியின் கனம் விளங்கும். கொழும்பை அடைந்து, அதற்குப் பின்னும் எழுபது கிலோமீற்றர் ஓட்டி, சிறிது கண்ணயர்ந்து, மறுநாள் அவ்வளவையும் புதிதாகத் தொடங்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு நாட்கள். மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகம் என்று கொண்டால், நாள்தோறும் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் மிதிப்பிலேயே கழிய வேண்டும்.

அறைக்குள் பெற்ற வலிமை அறைக்குள்ளேயே தங்கிவிட்டதா என்றால், அதற்கும் அவரே விடை தந்தார். அதே ஆண்டு அக்டோபரில் லே நகரத்திலிருந்து மணாலி வரையான 472 கிலோமீற்றர் இமயமலைப் பாதையை ஒன்றரை நாளுக்குள் கடந்தார். அம்மாதத்திலேயே டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா என்னும் நான்கு மாநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் 5,900 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தைப் பதினைந்து நாட்களுக்குள் சுற்றி முடித்தார். இரண்டும் பின்னர் கின்னஸ் சாதனைகளாக அங்கீகாரம் பெற்றன.

கருவியின் சூட்சுமம்

இத்தகைய ஓட்டத்துக்குரிய கருவி பார்வைக்கு எளியது. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் கருவியைப் பொருத்தி, கருவியோடு சேர்ந்த பற்சக்கரங்களின் மேல் சங்கிலியை மாட்டுகிறார்கள். மிதித்தால் உள்ளே பாரமான தட்டொன்று சுழல்கிறது; அச்சுழற்சியை மின்காந்தங்கள் தடுக்கின்றன. திரையில் ஏற்றம் வந்தால் காந்தத்தின் பிடி இறுகி மிதி கனக்கிறது. ஏற்றம் தணிந்தால் பிடியும் தளர்கிறது. திரையில் ஓடும் வீதிப்படமும் ஓட்டுபவரின் வேகத்துக்கு ஏற்ப விரையவோ தயங்கவோ செய்கிறது.

இங்கே தத்துவ சாஸ்திரிகள் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரித்துச் சொல்லும் இரண்டு பிரமாணங்களை நினைவுகூர்வது பொருந்தும். கருவி நேரடியாக அளப்பது மிதியில் விழும் ஆற்றலை மட்டுமே. அதை வாட் என்ற அலகில் காட்டுகிறது. திரையில் ஏறும் கிலோமீற்றரோ கணக்கிட்டுப் பெறப்படுவது. ஓட்டுபவரின் எடை இவ்வளவு, வீதியின் சரிவு இவ்வளவு, எதிர்க்கும் காற்று இவ்வளவு இருக்கும், ஆகவே இந்த ஆற்றலுக்கு இந்த வேகம் என்று செயலி தீர்மானிக்கிறது. ஆகையால் வாட் பிரத்தியட்சம், கிலோமீற்றர் அனுமானம். வெளி வீதியில் நிலைமை நேர்மாறானது: அங்கே மைல்கல் பிரத்தியட்சம், அதை அடையச் செலவிட்ட ஆற்றலைத்தான் ஊகித்தறிய வேண்டும்.

வீதியைக் காணாதவர் எப்படி வீதியைக் கடந்தவராவார் என்ற வினாவுக்கு விடை இவ்விடத்தில்தான் இருக்கிறது. கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் தலைசாய்த்து உறங்கி, விடிந்ததும் கோட்டையில் இறங்குபவர் 260 கிலோமீற்றரைக் கடந்தவர்தான். அவரை எவரும் மாலையிட்டு வரவேற்பதில்லை. இடம்பெயர்தல் அவருக்கு முழுமையாகக் கிடைத்தது, பிரயாசை அவருடையதன்று. ஆண்டுதோறும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவைத் தாண்டி, நம் திருகோணமலை வழியாக மட்டக்களப்புக்கும் அப்பால் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரிகர்களை நம் ஊர் மக்கள் நீர் வார்த்து, அன்னம் இட்டு உபசரிப்பது, அவர்கள் கதிர்காமம் போய்ச் சேர்வார்கள் என்பதற்காகவா? பேருந்தில் போகிறவரும் அங்கேதான் சேர்கிறார். நடந்து தீர்ப்பது என்ற சங்கற்பத்தையும், அதற்காக அவர்களுடைய பாதம் பட்ட பாட்டையுமே நாம் வணங்குகிறோம். மனிதர் தூரத்தைப் போற்றும்போது, அவர்கள் போற்றி வந்திருப்பது தூரத்துக்குக் கொடுத்த விலையையே. பன்னு அந்த விலையை முழுவதும் கொடுத்தார். அதற்கு ஈடாக நிலக்காட்சி கிடைக்கவில்லை என்பது அவருக்கு நேர்ந்த நஷ்டமே தவிர, அவர் செய்த குறைவன்று.

அறை விதிக்கும் தண்டம்

வீட்டுக்குள் ஓட்டுவது இலகு என்று எண்ணுவோர் ஒரு மணி நேரம் அதில் அமர்ந்து பார்க்க வேண்டும். மனித தேகம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் மிதியைச் சென்றடைகிறது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமாக உடலிலேயே பிறக்கிறது. 150 வாட் ஆற்றலுடன் மிதிப்பவரின் உடல் அதைப்போல் மும்மடங்கு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வெளியில் அதைச் செய்வது எதிரே வரும் காற்று. அறைக்குள் அந்தக் காற்று இல்லை. கடலின் ஈரம் எந்நேரமும் தங்கியிருக்கும் திருகோணமலை போன்ற ஊரில், வியர்வை ஆவியாகாமல் மூக்கின் நுனியிலும் முழங்கையிலும் சொட்டிக்கொண்டேயிருக்கும். கைபிடியின் மேல் துவாய் ஒன்றை விரித்து வைக்காவிட்டால், அந்த உப்புநீர் இறங்கி ஆணிகளையும் திருகுகளையும் துருவேற்றிவிடும். ஒன்றுக்கு இரண்டாக மின்விசிறிகளை முகத்துக்கு நேரே வைத்தாலும் தொடர்ந்து ஓட்டுவது எளிதன்று.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கந்தளாய் வீதியில் எதிர்க்காற்றை மிதித்தவர்கள், அது இல்லாத அறையைப் பாக்கியம் என்று கருதக்கூடும். ஆனால் அதே காற்று திரும்பி வருகையில் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிறது. இறக்கம் வரும்போது காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. வளைவில் வண்டி சாய்கையில் இருக்கையின் அழுத்தம் இடம் மாறுகிறது. கருவியில் இறுகப் பூட்டிய வண்டியோ ஆடுவதுமில்லை, சாய்வதுமில்லை. ஒரே இரண்டு எலும்புகளின் மேல் முழுப் பாரமும் மணிக்கணக்காக இறங்குவதால், இருக்கைப் புண் விரைந்து வருகிறது. வீதி தரும் இடையூறுகளை நீக்கும் அறை, வீதி செய்யும் உபகாரங்களையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது.

இவற்றினும் பெரிய சோதனை மனத்துக்கு நேர்வது. வெளியே களைத்து நின்றுவிட்ட வீரர், நின்ற இடம் காடாகவோ பாலையாகவோ இருப்பதால், எப்படியும் அடுத்த ஊர்வரை போயே ஆக வேண்டும். நிலமே அவரை உந்துகிறது. அறைக்குள் ஓட்டுபவருக்குக் கட்டில் ஐந்தடி தொலைவில் இருக்கிறது. இறங்கிப் படுத்துக்கொண்டால் கேட்பார் இல்லை. பன்னிரண்டு நாட்களில் எத்தனையோ ஆயிரம் முறை எழுந்திருக்கக்கூடிய அந்தச் சபலத்தை ஒவ்வொரு முறையும் வென்ற வைராக்கியத்தையும் அந்த 4,000 கிலோமீற்றரோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

குறைகளும் உண்டு

நியாயத்தைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2020 டிசம்பர் 9ஆம் திகதி, உலக சைக்கிள் சம்மேளனம் முதன்முறையாக மெய்நிகர் உலக சம்பியன் போட்டியை நடத்தியபோது, பெண்களில் தென்னாபிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோவும், ஆண்களில் ஜெர்மனியின் ஜேசன் ஒஸ்போர்னும் வெற்றி பெற்றார்கள். ஒஸ்போர்ன் தொழில்முறைச் சைக்கிள் வீரர் அல்லர், அவர் படகோட்டி. நுரையீரலின் கொள்ளளவையும் தசையின் வலுவையும் கருவி எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்பதை அந்த வெற்றி காட்டியது. நெரிசலில் முழங்கையோடு முழங்கை உரச ஓட்டும் திறமையையும், ஈரவீதியில் வளைவைத் திருப்பும் லாகவத்தையும் அது அளப்பதேயில்லை என்பதையும் அதே வெற்றி காட்டியது.

நேர்மை பற்றிய கவலையும் உண்டு. செயலியின் கணக்கு ஓட்டுபவர் தம் எடையைச் சரியாகச் சொல்வதை நம்பியிருக்கிறது; சில கிலோ குறைத்துச் சொன்னால் மலை இலகுவாகிவிடும். கருவிக்குக் கருவி அளவும் மாறிவிடக் கூடாது என்பதற்காக, அந்த உலகப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே வகைக் கருவியை வழங்கினார்கள். நம்பிக்கையின் மேல் நடப்பது இந்த விளையாட்டுக்கு மாத்திரம் உரிய பலவீனமன்று. பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம்வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீற்றர் நெடும்பயணத்தின் வழிவந்து, சென்னையிலும் பிற நகரங்களிலும் நடைபெறும் ‘ப்ரெவே’ ஓட்டங்களில், 200 கிலோமீற்றரைப் பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடிப்பவர்கள் சாவடி தோறும் அட்டையில் முத்திரை பெறுகிறார்கள். இடைவழியில் அவர்களைக் காவல் காப்பது அவர்களுடைய மனச்சாட்சியே.

மற்றொரு குறை நம் நாட்டுக்கு நன்கு தெரிந்தது. இக்கருவிக்கு மின்சாரமும் தடையற்ற இணையமும் வேண்டும். 2022ஆம் ஆண்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நீடித்த காலத்தில், இத்தகைய பந்தயத்தை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. கருவியின் விலையும் இலட்சக்கணக்கான ரூபா. சாதாரண குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்காக அதை வாங்கும் என எதிர்பார்ப்பது முறையன்று.

நம் மேட்டுக்கு வேண்டியது

ஆயினும் ஒரு குடும்பத்தால் முடியாததை ஓர் ஊரால் செய்ய முடியும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் தாம் கற்ற கல்லூரிகளுக்கு மேசை, நாற்காலி, கணினி, விளையாட்டு உபகரணம் என்று அனுப்பி உதவும் நல்வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஓர்ஸ் ஹில்லிலோ அதன் அயலிலோ உள்ள பாடசாலை மண்டபம் ஒன்றில், இத்தகைய கருவி ஒன்றும், ஒரு பழைய சைக்கிளும், இரண்டு மின்விசிறிகளும் வைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஐப்பசியில் வாடையோடு மாரி இறங்கி மார்கழி கழியும்வரை இங்கே வீதியில் ஒழுங்காகப் பயிற்சி செய்ய இயலாது. கருவிக்கு மழை பகையன்று. விடியுமுன் நான்கு மணிக்குத் தனியே நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகும் சுதந்திரம் நம் பெண் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு இல்லை. மண்டபத்துக்குள் அவர்களுக்கு லொறியின் அச்சமும் இல்லை, இருளின் அச்சமும் இல்லை. விபத்திலோ யுத்தத்திலோ உடல் ஊனமுற்று, வீதியில் சமநிலை பேண இயலாதவர்கள், விழுந்துவிடாத வண்டியில் தம் வலிமையை மீட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாட் என்ற அளவு நாடு பார்ப்பதில்லை, விலையுயர்ந்த சட்டகம் பார்ப்பதில்லை. மெல்பேர்ணில் பயிலும் வீராங்கனையின் 200 வாட்டும், ஓர்ஸ் ஹில் மாணவி ஒருத்தியின் 200 வாட்டும் ஒரே 200 வாட்தான். தன் திறமையைத் தலைநகரத்துத் தேர்வாளர் வந்து காணும்வரை காத்திராமல், அவள் அதை எண்ணாலேயே நிரூபித்துக் காட்டலாம்.

இம்மேட்டின் ஏற்றத்தை எழுந்து நின்று மிதித்துப் பழகிய கால்களில் எத்தகைய வலிமை இருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை. அளந்து பார்க்கும் கருவி இப்போது உலகில் இருக்கிறது; வீட்டுக்குள் அடைபட்ட ஒருவர் அதனைக் கொண்டு உலகின் கடுமையான பந்தயங்களில் ஒன்றில் தம் பெயரைப் பதித்ததும் வரலாறாகிவிட்டது. அந்த வாய்ப்பை நம் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பு, அவர்களுக்கு முன் அதே ஏற்றத்தை மிதித்து வளர்ந்து, இன்று வசதியோடு வாழும் நம் எல்லோருக்கும் உரியது. அடுத்த மாரிக்கு முன்னரே அதைச் செய்துவிடலாம்.